இரண்டாவது ஆம்ப்: சத்தம் கூடும், வயர் தாங்குமா?

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகும் ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கார் வருவதற்கு முன்னால் அதன் 'டம் டம்' வந்துவிடும்! இருக்கிற ஆம்ப் போதாமல் ஸப்வூஃபருக்கென்று இன்னொன்று மாட்டுகிறார்கள். மாட்டட்டும், பாட்டு கேட்பதில் தப்பில்லை. காசு எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்பதில்தான் கோளாறு.

முதலில் அட்டைப்பெட்டி கணக்கு. பல கார் ஸ்டீரியோக்களில் 'சேனலுக்கு 52 வாட்' என்று போட்டிருக்கும். 14.4 வோல்ட்டை 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.84. அவ்வளவுதான் சூட்சுமம்! ஒலி முழுக்கச் சிதைந்த நிலையில் வரும் எண் அது. தெளிவான ஒலி சுமார் 20 வாட்தான். ஆகவே தனி ஆம்ப் கேட்பவர்கள் பக்கம் நியாயம் உண்டு. வாங்கும்போது ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது கரண்ட். நிஜமாகவே 300 வாட் தரும் ஆம்ப், 80% திறன் உள்ளது என்றால், 375 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 27 ஆம்பியர். அதே மாதிரி இரண்டு என்றால் 54. முதல் ஆம்புக்குப் போட்ட வயரிலேயே இரண்டாவதையும் முறுக்கி விட்டால் என்ன ஆகும்? வயர் சூடாகும். அதுவும் செம்பு பூசிய அலுமினிய வயர் என்றால் இன்னும் மோசம்.

ஃப்யூஸ் இருப்பது ஆம்பைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஓடும் வயர் வழியில் தகரத்தில் உரசித் தோல் உரிந்தால், டிக்கியில் இருக்கும் ஃப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது. பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் மெயின் ஃப்யூஸ், பிரியும் இடத்தில் ஒவ்வொரு ஆம்புக்கும் தனி ஃப்யூஸ். இதுதான் முறை. குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் எர்த் போல்ட்டையும் அடிக்கடி பார்க்க வேண்டும். பெயின்ட் சுரண்டிய இடத்தை உப்புக்காற்று சும்மா விடாது.

"இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். இன்ஷூரன்ஸ் கட்டாதவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்!

ஆம்ப் வாங்கினால் வயர் ஃப்ரீ என்றால் சந்தோஷப்படாதீர்கள். வயருக்கும் ஃப்யூஸுக்கும் பில்லில் தனித்தனி வரி கேளுங்கள். அதற்குக் காசு மிச்சமில்லை என்றால், இரண்டாவது ஆம்ப் அடுத்த மாதம் வரட்டும்.