பொருள் தெரியாமலே உலக சாம்பியன்! சொல் ஆட்டத்தில் மூண்ட சண்டை

அவருக்குப் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாது. ஆனால், பிரெஞ்சுச் சொற்களை வைத்து ஆடும் போட்டியில் உலக சாம்பியன் ஆனார்!

அவர் பெயர் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்து நாட்டுக்காரர். மலேசியாவில் குடியேறியவர். 'ஸ்கிராபிள்' என்னும் எழுத்துக்கட்டை ஆட்டத்தில், ஆங்கிலப் போட்டியில் மட்டும் 2019-ம் ஆண்டு வரை 5 முறை உலகப் பட்டம் பெற்றவர்.

2015-ம் ஆண்டில் அவர் பிரெஞ்சுச் சொற்பட்டியலைச் சுமார் 9 வாரங்களில் மனப்பாடம் செய்தார். பெல்ஜியத்தில் நடந்த போட்டிக்குப் போனார். வென்றார். 2024-ம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் கிரானடா நகரில் நடந்த ஸ்பானிய மொழிப் போட்டியிலும் வென்றார். அந்த மொழியும் அவருக்குப் பேச வராது.

பொருள் தெரியாமல் சொல் ஆட்டத்தில் வெல்ல முடியுமா? முடியும். ஏன் என்பதை அறிய, ஆட்டம் பிறந்த கதையைப் பார்க்க வேண்டும்.

வேலை இழந்தவரின் யோசனை

அமெரிக்காவில் 1930-களில் கடுமையான பொருளாதார மந்தம். பலர் வேலை இழந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆல்பிரட் பட்ஸ் என்ற கட்டிடக் கலைஞர்.

அவர் பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். 'ஈ' அதிகமாக வந்தது. எனவே 100 கட்டைகளில் அதற்கு 12 கட்டைகள் கொடுத்தார். 'க்யூ', 'இசட்' அபூர்வம். ஆளுக்கு ஒரே கட்டை. ஆனால் 10 புள்ளி! 'எஸ்' எழுத்தைச் சேர்த்தால் பல சொற்களை எளிதில் பன்மையாக்கி விடலாம். ஆகவே அதற்கு 4 கட்டைகளே வைத்தார்.

1948-ல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் இதற்கு ஸ்கிராபிள் என்று பெயர் வைத்து விற்பனைக்குக் கொண்டு வந்தார்.

மூன்று எழுத்து, மூன்று சொல்

ஆட்டக்காரர் கையில் 7 கட்டைகள் இருக்கும். அவற்றைக் கலைத்துச் சேர்த்துச் சொல் காண வேண்டும். ஏழையும் ஒரே வீச்சில் வைத்து விட்டால் 50 புள்ளி கூடுதல்.

'ஏ', 'ஈ', 'டி' என்று மூன்று எழுத்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வகையில் அடுக்கினால் 'ஈட்' - சாப்பிடு. இன்னொரு வகையில் 'ஏட்' - சாப்பிட்டான். மற்றொரு வகையில் 'டீ' - தேநீர்!

பழகிய ஆட்டக்காரர்கள் கையில் உள்ள எழுத்துகளை முதலில் அகர வரிசையில் அடுக்குவார்கள். அந்த வரிசைக்கு எந்தெந்தச் சொற்கள் உண்டு என்பதை முன்பே நெட்டுருப் போட்டிருப்பார்கள். அதற்குப் பொருள் தேவையில்லை. நினைவாற்றல் போதும்.

எது சொல், எது சொல் அல்ல என்பதைப் பட்டியல் தீர்மானிக்கும். அமெரிக்கா, கனடா தவிர்த்த நாடுகளில் காலின்ஸ் பட்டியல் செல்லும். அதில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் சொற்கள். நம் 'இட்லி'யும் உண்டு, 'தோசை'யும் உண்டு.

வசைச் சொல்லுக்குப் புள்ளியா?

இந்தப் பட்டியலில்தான் சண்டை மூண்டது. இனத்தையும் மதத்தையும் இழிவு செய்யும் சொற்களும் அதில் இருந்தன. அவற்றை வைத்தாலும் புள்ளி கிடைத்தது.

1990-களிலேயே வர்ஜீனியா மாநிலப் பெண்மணி ஒருவர் இதை எதிர்த்தார். யூதர்களை இழிவு செய்யும் சொல் பட்டியலில் இருப்பது அவர் மனத்தைச் சுட்டது. முடிவில் ஒரு சமரசம் ஏற்பட்டது. வீட்டுக்கும் பள்ளிக்கும் உரிய அகராதியிலிருந்து அவை நீங்கின. போட்டிப் பட்டியலில் நீடித்தன.

2020 மே மாதம் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பர், மினியாபோலிஸ் நகரில் போலீஸ்காரரால் கொல்லப்பட்டார். அமெரிக்கா கொந்தளித்தது. அந்த ஆண்டே வட அமெரிக்க ஆட்டக்காரர் சங்கம் 200-க்கும் மேற்பட்ட இழிசொற்களை நீக்க முடிவு செய்தது. 2021-ல், பிற நாடுகளில் ஆட்டத்தின் உரிமையாளரான மேட்டல் கம்பெனியும் சுமார் 400 சொற்களை விலக்கியது.

யார் சொல்வது சரி?

ஆட்டக்காரர் சிலர் கோபம் கொண்டார்கள். "பலகையில் வைப்பது வெறும் எழுத்து வரிசை. அதில் பொருளே இல்லை. யாரையும் திட்டவில்லையே?" என்பது அவர்கள் வாதம். பொருள் தெரியாமலே ஒருவர் உலகப் பட்டம் வெல்லும்போது, இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் பலகைக்கு எதிரே இன்னொருவரும் உட்கார்ந்திருக்கிறார். தெருவிலும் பள்ளியிலும் அந்தச் சொல்லால் அடிபட்டவராக அவர் இருந்தால், அவர் கண்ணுக்கு அது எழுத்து வரிசையாகத் தெரியுமா? வைத்தவர் பொருளை மறக்கலாம். பார்ப்பவரால் மறக்க முடியாது.

நீக்கியதால் ஆங்கில மொழி குறைந்து விடவும் இல்லை. அந்தச் சொற்கள் பெரிய அகராதிகளில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். 'இது இழிசொல், இதைச் சொன்னால் மனம் புண்படும்' என்று அகராதி எச்சரிக்கிறது. ஆட்டப் பட்டியலோ புள்ளியை மட்டுமே கொடுத்தது. புதிதாக ஆங்கிலம் கற்கும் ஒரு சிறுவன், அந்தச் சொல்லைப் பரிசுக்குரிய சொல் என்று எண்ணிக்கொள்ள அது இடம் கொடுத்தது. அந்த வாசலை அடைத்தது நல்லதே.