முதல் வெல்டிங் இயந்திரம்: பெட்டியிலுள்ள எண்ணை நம்பாதீர்கள்

பேனாவைத் தவிர வேறு கருவி எதையும் முறையாகப் பிடித்தறியாத ஒருவன் இரும்பு வேலையைப் பற்றி எழுதத் துணிவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். கொல்லத் தெருவில் ஊசி விற்கப் புறப்பட்டவன் என்றும் சொல்லலாம். ஆனால், இது கொல்லர்களுக்கு எழுதப்படும் கட்டுரை அல்ல. பூந்தொட்டி வைக்க ஒரு நிலையைத் தானே செய்துபார்க்க வேண்டும், துருப்பிடித்த கேற்றைத் தானே திருத்திவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, முதன்முதலாக ஒரு வெல்டிங் இயந்திரம் வாங்கக் கடைக்குப் போகும் என்னைப் போன்ற சாதாரணர்களுக்கானது. அந்த ஆசையில் நான் இரண்டு தவறுகளைச் செய்தேன். ஒன்று பணத்தோடு போயிற்று. மற்றையது பணத்தோடு போகவில்லை.

2023ஆம் ஆண்டின் இறுதியில், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கேற்றின் கீழ்ப் பிணைச்சல் துருப்பிடித்து உடைந்தது. மூன்று பட்டறைகளுக்கு அலைந்தேன். இத்தகைய சில்லறை வேலைக்கு ஆள் வருவது அரிது. "நாளைக்கு வாறன் அண்ணை" என்ற பதிலை நம்பி இரண்டு வாரங்கள் காத்திருந்தேன். இதற்கிடையில் அலுவலக வேலையாகக் கொழும்பு சென்றபோது, ஒரு கடையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த சிறிய இன்வேட்டர் வெல்டிங் இயந்திரங்கள் கண்ணில் பட்டன. விலையில் பெரிய வேறுபாடில்லை. ஆனால், ஒரு பெட்டியில் 200 என்றும், இன்னொன்றில் 250 என்றும், மற்றொன்றில் 300 என்றும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எண் பெரிதானால் வலுவும் பெரிது என்பதுதானே நமது கணக்கு? 300ஐத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதனை இயக்கிய முதல் நாளே கோளாறு தொடங்கியது. அம்பியரைக் கூட்டினால் வீட்டின் மின்சுற்றுடைப்பான் விழுந்தது. குறைத்தால் றொட் இரும்போடு ஒட்டிக்கொண்டது. எங்கள் வீதியில் இருபது வருடங்களாகப் பட்டறை நடத்தும் நண்பரை அழைத்துக் காட்டினேன். அவர் இயந்திரத்தைத் திருப்பி, பின்புறத்தில் ஒட்டியிருந்த சிறிய தகட்டைத் துடைத்து வாசித்தார். 300 என்ற எண் அந்தத் தகட்டில் எங்குமே இருக்கவில்லை. 60 சதவீத வேலைவீதத்தில் 110 அம்பியர் என்றுதான் இருந்தது. "அண்ணை, பெட்டியைப் பார்த்து வாங்காதேங்கோ, தகட்டைப் பார்த்து வாங்குங்கோ" என்றார்.

இந்தப் பத்தியில் நான் சொல்ல வந்ததன் முக்காற்பங்கு அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது.

வேலைவீதம் என்பது என்ன? பத்து நிமிடங்களில் எத்தனை நிமிடங்கள் ஓர் இயந்திரம் தொடர்ந்து வேலை செய்யலாம் என்பதற்கான அளவு. 110 அம்பியரில் 60 சதவீதம் என்றால் ஆறு நிமிடம் ஒட்டலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். சர்வதேசத் தரத்தின்படி இந்த அளவு 40 பாகை செல்சியஸ் சூழல் வெப்பத்துக்குக் கணிக்கப்பட வேண்டும். மலிவான சில இயந்திரங்களில் 20 அல்லது 25 பாகைக்குக் கணித்த எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். நமது சித்திரை மாத வெயிலில், தகரக் கொட்டகைக்குள் 25 பாகையை எங்கே தேடுவது? எனவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை அம்பியர்?" என்பதன்று. "எத்தனை சதவீதத்தில், எத்தனை பாகை வெப்பத்தில் எத்தனை அம்பியர்?" என்பதே.

சரி, பெட்டியில் போட்ட எண் உண்மையாகவே இருந்தாலும் அது நமக்குப் பயன்படுமா? ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். றொட்டைக் கொண்டு 200 அம்பியரில் ஒட்டும்போது மின்வில்லின் வோல்ற்றளவு ஏறத்தாழ 28. இரண்டையும் பெருக்கினால் 5,600 வாற்று. இயந்திரத்துக்குள் வீணாகும் சக்தியையும் சேர்த்தால், 230 வோல்ற் வீட்டு மின்சாரத்திலிருந்து அது 30 அம்பியர் வரையிலும், மலிவான இயந்திரமாயின் அதற்கு மேலும் இழுக்கும். சாதாரண வீடொன்றின் சிங்கிள் பேஸ் இணைப்பின் முழுக் கொள்ளளவே 30 அம்பியர்தான். குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர்ப் பம்பியும் எங்கே போவது? ஆக, 300 என்ற எண் வெறும் அலங்காரம். ஆனால் 80 அம்பியரில் ஒட்டினால் வீட்டு மின்சாரத்திலிருந்து 10 முதல் 15 அம்பியர் அளவிலேயே எடுக்கும். 15 அம்பியர் குதையொன்றுக்குத் தனி வயர் இழுத்துக்கொண்டால் அதனைத் தாங்கலாம்.

80 அம்பியர் போதுமா என்று கேட்பீர்கள். வீட்டில் நாம் கையாளப் போவது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள பொக்ஸ் பாரும், மூன்று முதல் ஐந்து மில்லிமீற்றர் வரையான ஆங்கிள் அயனும் தட்டை இரும்பும்தான். முன்னையதற்கு 2 மில்லிமீற்றர் றொட்டும் 40 முதல் 60 அம்பியரும் போதும். பின்னையதற்கு 2.5 மில்லிமீற்றர் றொட்டும் 60 முதல் 90 அம்பியரும் போதும். எப்போதாவது 3.2 மில்லிமீற்றர் றொட் தேவைப்பட்டால் 120 அம்பியர் வரை போகலாம். நேர்மையாக 140 அம்பியர் தரும் ஓர் இயந்திரம் பொழுதுபோக்குக்காரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது.

அடுத்து, எந்த வகை இயந்திரம்? கடைகளில் இப்போது மூன்று வேலைகளையும் ஒன்றே செய்யும் என்று சொல்லி விற்கப்படும் இயந்திரங்கள் உண்டு. அவற்றின் மீது எனக்கு வெறுப்பில்லை. ஆயினும் முதல் இயந்திரமாக அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மிக் என்ற வகையில் கம்பி தானாகவே வந்துகொண்டிருக்கும். மெல்லிய தகட்டு வேலைக்கு அது சிறந்தது, பழகுவதும் எளிது. ஆனால் வாயுச் சிலிண்டர் வேண்டும். திறந்த முற்றத்தில் சோளகக் காற்று வீசினால் அந்த வாயு பறந்துவிடும், ஒட்டு பொருக்குப் பொருக்காகத் துளைவிழும். வாயு தேவைப்படாத கம்பியும் இருக்கிறது. ஆனால் நமது ஊர்க் கடையில் அந்தக் கம்பி தொடர்ந்து கிடைக்குமா என்பதை வாங்கும் முன்னரே விசாரியுங்கள். ரிக் என்ற வகை, துருப்பிடிக்காத உருக்கையும், உரிய இயந்திரமாயின் அலுமினியத்தையும் அழகாக ஒட்டும். அதற்கு ஆகன் வாயுவும் இரண்டு கைகளின் ஒத்திசைவும் மிகுந்த பொறுமையும் தேவை.

றொட் வைத்து ஒட்டும் சாதாரண முறைக்கு இவை ஒன்றும் வேண்டியதில்லை. சுவீடன் நாட்டவரான ஒஸ்கார் ஷெல்பேர்க் 1907ஆம் ஆண்டில் றொட்டுக்குப் பூச்சுப் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பூச்சு எரிந்து வாயுவையும் கசட்டையும் உண்டாக்கி, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. அதாவது றொட் தன் சிலிண்டரைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. ஓரளவு துருவையும் காற்றையும் அது பொறுத்துக்கொள்ளும். 6013 என்ற இலக்கமுடைய றொட் எந்தக் கிராமத்து இரும்புக் கடையிலும் கிடைக்கும், தொடக்கநிலையாளருக்கு அதுவே உகந்தது. மாரி காலத்தில் ஈரம் பிடிக்காமல் இறுக்கமான மூடியுள்ள பேணியில் வையுங்கள்.

பழைய நிலைமாற்றி வகைப் பெட்டிகளைப் பட்டறைக்காரர்கள் இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவர்களது நியாயம் எனக்கு விளங்குகிறது. பழுதானால் செப்புக்கம்பியை மீளச் சுற்றிவிடலாம். இன்வேட்டரில் பலகை எரிந்தால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் பழைய பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அது மின்சாரத்தை இழுக்கும்போது அயல் வீட்டு விளக்கும் மங்கும். வீட்டுக்கு இன்வேட்டரே நல்லது. அரைக்கும் இரும்புத் தூள் அதன் விசிறிக்குள் போகாமலும், எறும்பும் பல்லியும் குடியேறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உதிரிப்பாகமும் திருத்துநரும் உள்ளூரில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். 2022இல் டொலர் இன்றி நாடு தவித்த நாட்களில் ஒரு சிறு உதிரிப்பாகத்துக்காக எத்தனை இயந்திரங்கள் மூலையில் கிடந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனி, பணத்தோடு போகாத அந்த இரண்டாவது தவறு.

இயந்திரத்துக்கு அவ்வளவு பணம் கொடுத்த நான், ஒரேயொரு கைப்பிடி முகக்கவசத்தை மட்டும் இலவச இணைப்பாகப் பெற்றிருந்தேன். ஒரு ஞாயிறு மாலை முற்றத்தில் இரும்புத் துண்டுகளை ஒட்டிப் பழகிக்கொண்டிருந்தபோது, பதினொரு வயதுப் பெறாமகன் விறாந்தைப் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "வெளிச்சத்தைப் பார்க்காதை" என்று இரண்டு முறை சொன்னேன். சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். இரவு பதினொரு மணிக்கு அவன் அலறிக்கொண்டு எழுந்தான். "பெரியப்பா, கண்ணுக்குள்ளை மண் கிடக்கு, எடுத்துவிடுங்கோ" என்று கெஞ்சினான். எடுத்துவிட அங்கே மண் இருக்கவில்லை. மின்வில்லின் கழியூதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டிருந்தது. பட்ட உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்தே வலி தொடங்கும் என்பதை வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன். இரண்டு நாட்களில் அவன் தேறினான். அந்த இரண்டு நாட்களும் தம்பியின் மனைவியின் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதில் பயனில்லை. ஆகவே, ஒதுக்கியிருக்கும் பணத்தை இரண்டாகப் பிரியுங்கள் என்பதே எனது உறுதியான கருத்து. ஒரு பாதி இயந்திரத்துக்கு. மறு பாதி உடலுக்கு. தானாக இருளும் முகக்கவசம், 10 அல்லது 11 என்ற இருள் அளவுக்கு மாற்றக்கூடியதாக ஒன்று. பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டாவது ஒன்று. தோல் கையுறை, மூடிய சப்பாத்து, பருத்திச் சட்டை. சாரமும் செருப்பும் கறுப்புக் கண்ணாடியுமாக வீதியோரத்தில் ஒட்டுபவர்களைப் பார்த்து அதுவே போதும் என்று எண்ணாதீர்கள். அவர்கள் தம் கண்களைத் தொழிலுக்கு விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒட்டும் இடத்தை மறைக்க ஒரு தடுப்பும், கிடுகு வேலிக்குப் பொறி பறந்தால் அணைக்க ஒரு வாளித் தண்ணீரும் வேண்டும். ஆனால் மின்சாரம் ஓடும் இயந்திரத்தின்மீது தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள்.

புகையையும் மறக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம், 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. நாகமுலாம் பூசிய குழாயை அப்படியே ஒட்டினால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். எரிபொருள் இருந்த பீப்பாய், காலியாகத் தெரிந்தாலும், வீட்டில் தொடவே கூடாதது. வீட்டின் ட்ரிப் சுவிச்சைச் சோதித்து வையுங்கள். எனினும், அது இயந்திரத்துக்குப் போகும் மின்சாரத்தைத்தான் காவல் காக்கும், உங்கள் கையிலுள்ள றொட் பக்கத்தை அல்ல. வியர்த்த கையோடும் ஈர நிலத்திலும் வேலை செய்யாதீர்கள்.

இவற்றையெல்லாம் வாங்குபவரே அறிந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரை ஏமாற்றும் வணிக நடத்தையைத் தடை செய்கிறது. பருப்பின் நிறையில் குறை வைத்தால் குற்றம். 110ஐ 300 என்று அச்சிட்டால் அது விளம்பரமா? தகட்டிலுள்ள எண்ணைத்தான் பெட்டியிலும் போட வேண்டும் என்று இறக்குமதியாளர்களைக் கட்டாயப்படுத்துவது பெரிய காரியமல்ல. முகக்கவசமின்றி இந்த இயந்திரத்தை விற்கலாகாது என்பதும் அப்படியே. அதிகாரிகள் கவனிப்பார்களா என்று தெரியாது. கவனிக்கும்வரை, கடையில் நின்று பெட்டியைப் பிரித்து, இயந்திரத்தைத் திருப்பி, தகட்டை வாசிக்கும் உரிமையை நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு முகஞ்சுளிக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேற் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அதனைப் பட்டறை நண்பரே ஒட்டித் தந்தார். அவ்வளவு பாரத்தைத் தாங்கும் ஒட்டைப் போட எனக்கு இன்னும் கை பழகவில்லை. ஏணி, ஊஞ்சல், வாகனத்தின் அடிச்சட்டம் ஆகியவற்றிலும் புதியவர்கள் கை வைக்கலாகாது. நான் செய்தது ஒரு பூந்தொட்டி நிலை. ஒரு கால் சற்றே குட்டை. அதனடியில் ஓட்டுத் துண்டொன்றை வைத்திருக்கிறேன். பெறாமகன் இப்போது தனக்கென்று வாங்கிய முகக்கவசத்தை அணிந்துகொண்டு பக்கத்தில் நிற்கிறான். அடுத்ததைத் தான் ஒட்டப்போவதாகச் சொல்கிறான். இன்னும் சில வருடங்கள் போகட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.