சுவிட்சைக் கேளுங்கள், பையனைக் கேட்காதீர்கள்!

சாங்வியில் ஒரு டிபன் கடை. நம்மவர் கடைதான், பெயர் வேண்டாம். மாலைக் கூட்டம் நெருங்கும் நேரத்தில் வடை போடும் மின்சாரப் பிரையர் நின்றுவிட்டது. முதலாளி வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: "எந்தப் பய கை வச்சான்?" இரண்டாவது வார்த்தை: "சம்பளத்துல பிடிச்சுக்குவேன்." மூன்றாவது: "ஒயரை டைரக்டா குடுத்துடு."

தோழர்களே, இந்த மூன்று வார்த்தைகளும் மூன்று குற்றங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் கை வைத்தது? கணக்கு சொல்லட்டும். 3 கிலோவாட் பிரையர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குப் போடும் 6 ஆம்பியர் சுவிட்சில் அதை மாட்டியவர் யார்? வேலைக்கு வந்த பையனா? சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே பொறி பறக்கிறது. தொடுமுனை கருகுகிறது. எண்ணெய்ப் புகையும் மாவும் உள்ளே போய்ப் படிகின்றன. முடுக்காத திருகாணி சூடேறி ஒயரின் உறை உருகுகிறது. கடைசியில் முனைகள் ஒன்று எரிந்துபோகும், அல்லது ஒட்டிக்கொள்ளும். எரிந்தால் வியாபாரம் நிற்கும். ஒட்டிக்கொண்டால்? அணைத்த பிறகும் பிரையர் அணையாது!

"டைரக்ட்" என்பது இதைவிடக் கொடியது. தெர்மோஸ்டாட் 180 டிகிரியில் மின்சாரத்தை நிறுத்துகிறது. அது பழுதானால் காப்பாற்றுவதற்கென்றே இன்னொரு பாதுகாப்புக் கட்-அவுட் இருக்கிறது. இரண்டையும் தாண்டி ஒயரைக் கொடுத்தால் எண்ணெய் புகையும். சுமார் 350 டிகிரியில் தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் நெருப்பு கூரைக்குத் தாவும். அப்போது முன்னால் நிற்பவன் யார்? கல்லாவில் இருப்பவரா?

மிகைப்படுத்துகிறோம் என்பவர்கள் இதே புனேயின் கொண்ட்வாவை நினைக்கட்டும். 2016 டிசம்பர் 30 விடியற்காலை அங்கே ஒரு பேக்கரியில் தீப்பிடித்தது. உள்ளே தூங்கிய ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது. மின்கோளாறு என்றார்கள். பூட்டு என்ன கோளாறு?

இனி சம்பளப் பிடித்தம். நஷ்டம் தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததென்றால்தான் பிடிக்கலாம்; அதற்கு முன் அவன் பக்க விளக்கத்தைக் கேட்க வேண்டும். 1936-ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சொன்னது; 2019-இன் ஊதியத் தொகுப்பும் இதையே சொல்கிறது. ஆனால் வேறொரு வாசல் குறுகிவிட்டது. வெளிமாநிலத் தொழிலாளர்க்கென 1979-இல் வந்த சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தும் என்றது. அதன் இடத்துக்கு 2020-இல் இயற்றிய தொகுப்பு பத்துப் பேர் என்றாக்கியது. ஆறு பேர் வேகும் அடுப்படியின் கதி என்ன?

"நம்ம ஆளுக்கு நம்ம ஆளே எதிரா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஊரை விட்டு வந்தவனுக்கு மூலா ஆற்றங்கரையில் முதல் சோறு போட்டது தமிழன் கடைதான்; மறுக்கவில்லை. அந்த நன்றிக்கு விலையாக விரலைக் கேட்டால் கொடுக்க முடியாது. தமிழன் கடையிலும் மின்சாரத்துக்குத் தமிழ் தெரியாது.

ஆகவே அடுப்படித் தோழர்களுக்குச் சொல்கிறோம். பிரையர் நின்றால் பிளக்கைப் பிடுங்குங்கள், எண்ணெய் ஆறட்டும். எலக்ட்ரீஷியன் வந்ததும் மீட்டர் வைக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். சுவிட்ச் போட்ட நிலையில் தொடர்பு காட்ட வேண்டும். அணைத்த நிலையில் காட்டக் கூடாது. அணைத்தும் காட்டினால் முனை ஒட்டிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்கும் இதே சோதனைதான். கட்-அவுட் விழுந்தால் ஒருமுறை ரீசெட் அழுத்தலாம். மறுபடி விழுந்தால் அது எச்சரிக்கிறது என்று பொருள். உடம்பில் கை வைத்தால் சுரீர் என்றால் அன்று வடை இல்லை!

முதலாளிகளிடம் கேட்பது ஆறே: பிரையருக்குத் தனி லைன், தகுந்த ஆம்பியரில் இரு கம்பியையும் துண்டிக்கும் சுவிட்ச், ஒழுங்கான எர்த், 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பான், கைக்கெட்டும் தூரத்தில் எண்ணெய்த் தீக்கான அணைப்பான், இரவில் உள்ளிருந்து திறக்கும் கதவு.

இந்த ஆறையும் செய்துவிட்டு வாருங்கள். பிறகு கேட்கலாம், எந்தப் பய கை வைத்தான் என்று.