வாய் திறக்காத எழுத்தும் வாய்விட்டுச் சிரிப்பவர்களும்

இன்று கொஞ்சம் காரமாகத்தான் எழுதப் போகிறேன் மக்களே. திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

இங்கிலீஷில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிற மாதிரியே ஒருவன் வாசிக்கிறான். அதைப் பார்த்து இன்னொருவன் சிரிக்கிறான். இந்த இரண்டு பேரில் விஷயம் தெரியாதவன் யார்? சிரிக்கிறவன்தான். இதுதான் என் கட்சி.

சைலண்ட் லெட்டர் என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு பக்தி. வெள்ளைக்காரன் யோசித்து யோசித்துச் செதுக்கி வைத்த நுட்பம் என்று நினைப்பு. அந்த எழுத்தெல்லாம் எப்படி உள்ளே வந்தது என்று பார்த்தால் பக்தி பறந்துவிடும்.

முதல் ரகம், ஒரு காலத்தில் உயிரோடு இருந்து செத்துப்போன எழுத்துகள். குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' இருக்கிறதே, அதன் தலையில் ஒரு கே, இடுப்பில் ஒரு ஜியும் எச்சும். பழைய ஆங்கிலத்தில் இவை எல்லாமே ஒலித்தன. முழங்காலைக் குறிக்கும் 'நீ'யிலும் அதே கே. ஆங்கிலத்தின் பங்காளியான ஜெர்மனில் இன்றும் அதை 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் வாய் மாறிவிட்டது, கை மாறவில்லை. அவ்வளவுதான் கதை. இந்த ரகத்தை மன்னித்துவிடலாம்.

இரண்டாவது ரகம்தான் அநியாயம். எப்போதுமே ஒலிக்காத எழுத்தை, பந்தாவுக்காக உள்ளே தள்ளிய கதை. கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. (ஏ, பி, சி-யில் வரும் பி. இன்னொரு பி-க்கும் வருகிறேன்.) சொல்வது போலவே எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். அப்புறம் லத்தீன் படித்த பண்டிதர்கள், 'இதன் மூலம் லத்தீனில் டெபிடும் ஆயிற்றே' என்று ஒரு பி-யைச் செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் 'டவுட்'டுக்கும் இதே வைத்தியம். 'சட்டில்' என்ற வார்த்தைக்கும் இதே வைத்தியம்.

இப்போது ஓ, பி, க்யூ-வில் வரும் பி. 'ரிசீட்'டில் லத்தீனைக் காட்ட அதைச் சேர்த்தார்கள். அதே வேரிலிருந்து வந்த 'டிசீட்', 'கன்சீட்' இரண்டுக்கும் சேர்க்கவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. உண்மையான விதி என்றால் மூன்றுக்கும் இருக்க வேண்டாமா?

தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' இன்னும் மோசம். அது அசல் பழைய ஆங்கில வார்த்தை, எஸ் கிடையாது. லத்தீன் 'இன்சுலா' வழியாக வந்த 'ஐல்' என்ற வேறொரு வார்த்தையோடு குழப்பிக்கொண்டு இதிலும் ஓர் எஸ்ஸை வைத்தார்கள். சுத்தமான தப்பு! 'குட்' என்ற வார்த்தையில் வரும் எல்? 'உட்', 'ஷுட்' இரண்டிலும் இருக்கிறதே என்று பார்த்துக் காப்பியடித்தது. பேயைக் குறிக்கும் 'கோஸ்ட்'டில் வரும் எச்? 1476-ல் இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன், அதற்கு முன்பு பல வருடம் ஃபிளாண்டர்ஸ் பக்கம் இருந்தவர். அந்த ஊர் எழுத்துப் பழக்கம் அச்சில் ஒட்டிக்கொண்டு வந்தது என்கிறார்கள். பேய்க்கே பேய் பிடித்த கதை!

ஷேக்ஸ்பியருக்கு இதெல்லாம் அன்றே தெரிந்திருக்கிறது. 1598-ல் அச்சான 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்று ஒரு வாத்தியார். 'டெட்'டிலும் 'டவுட்'டிலும் பி-யை உச்சரிக்காதவர்களைப் பார்த்துப் புலம்புவார். அவர் அந்த நாடகத்தின் கோமாளி. நானூறு வருடத்துக்கு முன்பே, எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்தவன் உச்சரிப்பில் குற்றம் கண்டுபிடிப்பவன் கேலிப்பொருள் ஆகிவிட்டான். நம் வகுப்புகளில் மட்டும் அவன் ஹீரோ.

இன்னொரு வேடிக்கை. எழுதியதைப் பார்த்து அப்படியே வாசிப்பதை இங்கிலீஷ்காரர்களே செய்திருக்கிறார்கள். 'ஃபால்ட்' என்ற வார்த்தையில் எல் பின்னால் செருகப்பட்டது, நெடுங்காலம் ஊமையாக இருந்தது. எழுத்தைப் பார்த்துப் பார்த்து ஜனங்கள் ஒலிக்கத் தொடங்க, இன்று அதுவே சரியான உச்சரிப்பு. 'பர்ஃபெக்ட்'டில் வரும் சி-யும் அப்படி உள்ளே வந்து வாய்க்கு ஏறியதுதான். இன்று 'ஆஃபன்' என்பதை 'ஆஃப்டன்' என்று சொல்லும் இங்கிலீஷ்காரர்கள் ஏராளம். அவர்கள் செய்தால் மொழி வளர்ச்சி. உசிலம்பட்டியிலிருந்து வந்தவன் செய்தால் ஜோக்கா?

நம் ஊரில் குழாய் ரிப்பேருக்கு வருபவரை எல்லோரும் 'பிளம்பர்' என்கிறோம். அங்கே அந்த பி-யும் ஊமை, 'பிளம்மர்'தான். இதற்கு யாரும் சிரிப்பதில்லை. காரணம், சிரிக்கிறவரும் அப்படித்தான் சொல்கிறார்! ஆக, இது உச்சரிப்பைப் பற்றிய சிரிப்பே இல்லை. யார் இங்கிலீஷ் மீடியம், யார் தமிழ் மீடியம் என்று பிரித்துக் காட்டும் சிரிப்பு.

என் வகுப்பில் ஒருவன் செமினாரில் 'சப்டில்' என்று வாசித்தான். பின் பெஞ்சிலிருந்து முன் பெஞ்ச் வரை சிரிப்பு. மேடம் முகத்திலும் ஒரு புன்னகை. அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவன் தானாக எழுந்து எதையும் வாசிக்கவில்லை. சந்தேகம் கேட்கவில்லை. குரூப் டிஸ்கஷனில் வாய் திறக்கவில்லை. கணக்கில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரன். பண்டிதர்கள் செருகிய ஒரு பி ஊமையாக இருக்கலாம், அதற்காக ஒரு பையனையும் ஊமையாக்க வேண்டுமா?

தமிழ் ரொம்ப யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. கடல், அங்கே, அகம் என்று ஒரே 'க'வை மூன்று விதமாக ஒலிக்கிறோம். ஆனால் எழுதி வைத்துவிட்டு 'இது சும்மா, கண்டுகொள்ளாதே' என்று எந்த எழுத்தையும் சொல்வதில்லை. அதனால் தமிழ் மீடியத்தில் படித்தவன் எழுத்தை நம்பிப் பழகியவன். நம்பியவனா குற்றவாளி?

'அப்போ தப்பாகவே பேசட்டுமா? இண்டர்வியூவில் யார் பதில் சொல்வது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சரியான உச்சரிப்பைச் சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? தனியாகக் கூப்பிட்டு, காரணத்தோடு சொல்லுங்கள். 'சைன்' என்பதில் ஊமையாக இருக்கும் ஜி, 'சிக்னேச்சர்' என்னும்போது வாய் திறக்கிறது. 'பாம்' என்பதில் தூங்கும் பி, 'பம்பார்ட்' என்னும்போது விழித்துக்கொள்கிறது. இப்படி ஜோடி ஜோடியாகச் சொன்னால் ஆயுசுக்கும் மறக்காது. சிரித்தால் பயம் மட்டும்தான் மனசில் பதியும்.

ஸ்பெல்லிங்கை நம்மால் மாற்ற முடியாது. பெர்னார்ட் ஷாவாலேயே முடியவில்லை. புது எழுத்து முறைக்காக உயிலில் பணம் எழுதி வைத்துவிட்டு 1950-ல் இறந்தார். 1962-ல் அவருடைய ஒரு நாடகம் அந்தப் புது எழுத்தில் அச்சானது. ஊர் உலகம் பழையபடியே எழுதிக்கொண்டிருக்கிறது.

சிரிப்பை மாற்றலாம். அதற்கு உயிலும் வேண்டாம், பணமும் வேண்டாம். அடுத்த முறை வகுப்பில் யாராவது 'ஐஸ்லண்ட்' என்று வாசித்தால், அந்த எஸ்ஸை அங்கே வைத்தவனை நினைத்துச் சிரியுங்கள். வாசித்தவன் வாசித்து முடிக்கட்டும்.