கடைசிக்கு முந்தைய ஷாட்



மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தோடுதான் வருவார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி தொடங்கியிருக்கும். அங்கே இரவு ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை. 68 அணிகள். ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசி ஆண்டு மாணவனாக இருந்தால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. என்பிஏவைவிட இந்தப் பிள்ளைகளின் ஆட்டத்தை நான் விரும்பிப் பார்ப்பது அதனால்தான்.

இது அந்தப் போட்டிக்கான சிறப்பிதழ். புகழ்பெற்ற கடைசி நொடிக் கூடைகள் எல்லாம் உள்பக்கங்களில் படத்தோடு இருக்கின்றன. எனக்குப் பிடித்தவையோ அவற்றுக்கு ஒரு ஷாட் முந்தியவை.

1992, பிலடெல்ஃபியா. டியூக், கென்டக்கி அணிகளின் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது. கிராண்ட் ஹில் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பந்தை வீச, கிறிஸ்டியன் லேட்னர் பிடித்து, திரும்பி, போட்டார். டியூக் 104, கென்டக்கி 103. அன்று களத்திலிருந்து போட்ட பத்தும், ஃப்ரீ த்ரோ பத்தும் லேட்னருக்குத் தவறவில்லை. இதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அதற்குச் சற்று முன் கென்டக்கியின் ஷான் வுட்ஸ் நடுவில் புகுந்து, உயர்ந்து நின்ற லேட்னரின் கைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிவிட்டார். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. கென்டக்கி ஒரு புள்ளி முன்னிலை, மிச்சம் 2.1 நொடி. அத்தோடு ஆட்டம் முடிந்திருந்தால் கென்டக்கியில் இன்றைக்கும் அந்த ஷாட்டைத்தான் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். விதிமீறல்களுக்காக அந்தக் கல்லூரிக்கு இரண்டு ஆண்டு தடை விதிக்கப்பட்டபோது நட்சத்திரங்கள் சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். போகாமல் தங்கிய நால்வரில் ஒருவர் வுட்ஸ். தோற்ற சில நாட்களிலேயே அந்த நால்வரின் பெயரையும் கல்லூரி தன் அரங்கத்தின் கூரையில் ஏற்றியது. கோப்பை வாங்கியவர்களுக்குக்கூட அந்த மரியாதை எளிதில் கிடைக்காது.

1983இன் கதை நேர்மாறு. அங்கே முந்தைய ஷாட் படு மோசம். ஹூஸ்டன் அணியில் ஒலாஜுவான், டிரெக்ஸ்லர் என்ற நட்சத்திரங்கள். எதிரே, அந்தப் பருவத்தில் பத்து ஆட்டம் தோற்றுவிட்டு வந்த வட கரோலைனா ஸ்டேட். 52க்கு 52. டெரெக் விட்டன்பர்க் சுமார் முப்பது அடி தூரத்திலிருந்து வேறு வழியில்லாமல் எறிந்த பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. கீழே நின்ற லொரென்ஸோ சார்ல்ஸ் எட்டிப் பிடித்து அப்படியே உள்ளே அமுக்கினார். முடிந்தது ஆட்டம். பயிற்சியாளர் ஜிம் வல்வானோ கட்டிப்பிடிக்க ஆள் தேடி மைதானம் முழுக்க ஓடியதைப் பார்க்காத ரசிகர் குறைவு. அது ஷாட்டே அல்ல, பாஸ்தான் என்று விட்டன்பர்க் பிற்பாடு சொல்லிவந்தார். ஜெயித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பெண்கள் ஆட்டத்திலும் ஒன்று உண்டு. 2018இல் நோட்டர் டேமின் அரிகே ஒகுன்பொவாலே அரையிறுதியிலும் இறுதியிலும் கடைசி நொடியில் கூடை போட்டுக் கோப்பையை வாங்கித் தந்தார். அதற்குப் பிறகு அவர் பெயர் தெரியாத வீடில்லை. அந்த அரையிறுதியில் 32 புள்ளி எடுத்தவர் ஜாக்கி யங். இறுதி ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே நின்று அரிகேவுக்குப் பந்தைக் கொடுத்தவரும் அவரே.

எல்லாவற்றிலும் எனக்கு மனசு ஆறாதது 2016. வில்லனோவாவிடம் மூன்று புள்ளி பின்தங்கியிருந்த வட கரோலைனாவுக்காக மார்கஸ் பெய்ஜ் குதித்தார். தடுக்க ஒருவர் பாய்ந்து வருகிறார். பந்தைக் கீழே இறக்கி, அந்தரத்திலேயே மறுபடி தூக்கி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டார். 74க்கு 74, மீதி 4.7 நொடி. நான் பார்த்ததில் இதைவிடக் கஷ்டமான ஷாட் இல்லை. அது நின்றது அந்த 4.7 நொடிதான். வில்லனோவாவின் கிரிஸ் ஜென்கின்ஸ் சகாவிடம் பந்தைக் கொடுத்து, பின்னாலேயே ஓடி, திரும்ப வாங்கிப் போட்டார், 77-74. ஜென்கின்ஸ் வளர்ந்தது எதிரணி வீரர் நேட் பிரிட்டின் வீட்டில். பிரிட்டின் பெற்றோர்தான் அவருக்குச் சட்டப்படி காப்பாளர்கள். அந்தக் குடும்பம் அன்றிரவு யாரைத் தேற்றியது, யாரைக் கொண்டாடியது என்று யோசித்துப் பார்க்கிறேன். மறு ஆண்டு வட கரோலைனா கோப்பையை வென்றது. பிரிட் அணியில் இருந்தார். பெய்ஜ் படிப்பு முடித்துப் போயிருந்தார்.

உங்கள் மனதில் நிற்கும் தருணங்களையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். லேட்னரை மட்டும் விட்டுவிடுங்கள். அவருக்கு இந்த இதழிலேயே நடுப்பக்கம் முழுசாகக் கொடுத்தாயிற்று.

அன்புடன்,
ஆசிரியர்