கூட வந்தவர்கள் ஏன் போனார்கள்?

கடைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை. வணிகர்கள் நாலு பேர் கூடினால் இப்போது இதுதான் பேச்சு. இதையொட்டி அமெரிக்கப் பாட்டுக்காரர் ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறோம். சங்க ஏட்டில் பாட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

அவருடைய ஊர் மெம்பிஸ். மளிகைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஊர்தான். வாடிக்கையாளரே கூடையோடு உள்ளே போய்ச் சரக்கை எடுத்து வரும் முறையை, 1916இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தம் பிக்லி விக்லி கடையில் தொடங்கியது அங்கேதான். இன்று நம்மோடு போட்டியிடும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு மூலம் அந்தக் கடை.

ஜே ரீடார்ட் என்ற பெயரில் பாடிய இவர் பிறந்தது 1980இல். கராஜ் பங்க் என்பது கார் கொட்டகையில் வைத்துப் பழகும் முரட்டு வேக இசை. 15 வயதில் தனியாளாகக் கிடார் வாசித்து, டிரம் இல்லாத குறைக்கு வாளியைத் தட்டி, வீட்டிலேயே பதிவு செய்து, கானர் ரெக்கார்ட்ஸ் நடத்திய எரிக் ஃப்ரீடிலுக்கு அனுப்பினார். அவர் சரக்கைப் பார்த்தார், வயதைப் பார்க்கவில்லை, இசைத்தட்டாகப் போட்டார். 2006இல் வந்த 'பிளட் விஷன்ஸ்' தட்டில் ஏறக்குறைய எல்லா வாத்தியமும் இவரே.

வீட்டில் ஒரே ஆள் நான்கு பேர் வாசிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவிடலாம். மேடையில் அது நடக்காது. தட்டு விற்க ஊர் ஊராகப் போயாக வேண்டும். அப்படித்தான் குழு அமைந்தது. ஸ்டீபன் போப், பில்லி ஹேய்ஸ் என்ற உள்ளூர் இளைஞர்கள் கூட வந்தார்கள்.

2008இல் மேட்டடார் நிறுவனம் இவருடைய சிறு தட்டுகள் ஆறினை ஒவ்வொன்றாக வெளியிட்டது. ஒவ்வொரு தட்டும் முந்தியதைவிடக் குறைந்த எண்ணிக்கை! நாம் அப்படிச் செய்தால் பதுக்கல் என்பார்கள். அங்கே ரசிகர்கள் முண்டியடித்து வாங்கினார்கள்.

2009 ஆகஸ்டில் 'வாட்ச் மீ ஃபால்' வந்தது. குழு இருந்தும் அதையும் பெரும்பாலும் தாமே வாசித்துப் பதிந்தார். அக்டோபரில், பயணத்தின் நடுவிலேயே இருவரும் விலகினர். டென்மார்க் இசைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மீதிப் பயணத்தை முடித்தார். 2010 ஜனவரி 13இல், 29 வயதில் இறந்து கிடந்தார். போதைப்பொருளும் மதுவும் சேர்ந்த சாவு அது. அதற்கும் இவர்கள் விலகியதற்கும் முடிச்சுப் போடுவது தவறு.

அவர்களுக்குள் என்ன தகராறு என்று பஞ்சாயத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் எல்லா வேலையும் தெரிந்த முதலாளியிடம் ஆள் நிற்பது கடினம் என்பது நம் கருத்து. பொட்டலம் மடிக்கும் பையன் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கி, "இப்படி மடிடா" என்று மடித்துக் காட்டுகிறோம். அவனை விட நாம் நன்றாக மடிப்போம், உண்மைதான். பத்து வருடம் கடையில் இருந்தவரிடமும் பருப்புக் கொள்முதலை விடுவதில்லை, மண்டிக்குத் தனியே அனுப்புவதில்லை. தீபாவளிக்கு வேட்டி சட்டை கொடுக்கிறோம், சம்பளம் உயர்த்துகிறோம். இது என் பொறுப்பு என்று அவர் சொல்லிக்கொள்ளக் கடையில் ஓர் அலமாரியாவது உண்டா? சம்பளத்தைக் கூட்டுவதற்கு முன் நம் உறுப்பினர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

விலகிய இருவரும் போன இடமும் தனியாள் கடைதான். சான் டியாகோவில் நேதன் வில்லியம்ஸ் 2008இல் வீட்டில் தனியாகப் பாட்டுப் பதிந்து 'வேவ்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார். அவருக்கும் மேடைக்கு ஆள் தேவைப்பட்டது. 2010இல் வந்த 'கிங் ஆஃப் தி பீச்' தட்டில், வாசிப்பதோடு பாட்டு ஆக்குவதிலும் இருவருக்கும் பங்கு கிடைத்தது. ஹேய்ஸ் அந்த வருடமே விலகிவிட்டார். போப் பல வருடங்கள் அங்கேயே இருந்தார்.