மிதிக்கும் காலும் ஒளிரும் விளக்கும்

மின்னாற்றல் இன்றி இக்காலத்தில் எத்தொழிலும் இனிது நடவாது. உடற்பயிற்சிக் கூடங்களில் மக்கள் வீணே செலவிடும் உழைப்பினின்று அவ்வாற்றலைப் பெறலாம் என்று கூறுவாரும் உளர். அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என ஆராய்வோம்.

காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று சார்ந்து அசையுங்கால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் கண்டறிந்தார். மிதிவண்டியின் டைனமோ இவ்வுண்மையின்படி இயங்குவதே. இளமையில் யான் இரவில் மிதிவண்டியில் செல்லும்போது, டைனமோவைச் சக்கரத்தோடு பொருத்தியவுடன் மிதி சற்றுக் கனக்கக் காண்பேன். விளக்கின் ஒளி என் காலின் உழைப்பே என்பதை அக்கனம் எனக்கு உணர்த்திற்று.

அவ்வுழைப்பின் அளவு யாது? உடல்நலம் வாய்ந்த ஒருவர் சீராக மிதித்தால் ஏறத்தாழ 100 வாட் ஆற்றல் தருவார். 1,000 வாட் ஆற்றல் ஒரு மணி நேரம் செலவாவதே ஒரு யூனிட் ஆகும். எனவே, ஒரு யூனிட் மின்சாரத்திற்கு அவர் 10 மணி நேரம் மிதித்தல் வேண்டும். இவ்வாறு நகரங்களுக்கு ஒளியூட்டலாம் என்பது நிறைவேறாக் கனவேயாம்.

எனினும், இம்முயற்சி பயனற்றதன்று. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் 1928-ஆம் ஆண்டில் விமான மருத்துவப் பணி தொடங்கப்பெற்றது. ஆனால், நெடுந்தொலைவில் தனித்து வாழ்ந்த பண்ணைக் குடும்பத்தினர் மருத்துவரை அழைப்பது எங்ஙனம்? அங்கு மின்கம்பியும் இல்லை, தொலைபேசியும் இல்லை. 1929-ஆம் ஆண்டில் ஆல்பிரட் டிரேகர் என்னும் பொறியாளர், காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவியை அமைத்தளித்தார். கால்கள் மின்சாரத்தை உண்டாக்க, கைகள் மோர்ஸ் குறிகளைத் தட்டின. செய்தி கேட்டு மருத்துவர் வானூர்தியில் விரைந்தார். சிறிதளவு ஆற்றலும் உற்ற இடத்தில் உயிர் காக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆற்றல் மிக்கிருந்தும் அதனை வீணாக்குவார் செயலையும் எண்ணிப் பாருங்கள். ஆளில்லா அறையில் 75 வாட் மின்விசிறியொன்று 10 மணி நேரம் சுழலுமாயின், ஒருவர் ஏழரை மணி நேரம் வியர்வை சிந்தி மிதித்த உழைப்புக்கு நிகரான ஆற்றல் பாழாயிற்று என்க.

ஆதலின், பள்ளிதோறும் டைனமோ பூட்டிய மிதிபொறி ஒன்று இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. அது மின்கட்டணத்தைக் குறைப்பதற்கன்று. மின்சாரத்தின் அருமையை அறிவித்தற்கே. மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறை மிதித்து விளக்கேற்றிக் காண்பாராக. பின்னர், 'விளக்கை அணை' என்று அவருக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை.